அடுத்த தடவை நிவாரணக் காசு வரும்போது: கொழும்புக்காரர் இப்போதே செய்து வைக்க வேண்டியவை

கொரோனா காலத்தில் அரசாங்கம் வீட்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்ததை எடுத்தவர்களும் மறக்கவில்லை, எடுக்காதவர்கள் அதைவிட மறக்கவில்லை. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கம் இந்தப் பேச்சைத் தொடக்கிப் பாருங்கள், தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் முடியாது. "அவங்கட மகன் டுபாயில, அவங்களுக்குக் குடுத்தாங்க, எங்களுக்கு இல்ல" என்பதுதான் அநேகமாக முதல் வசனம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டாரையோ ஜீ.எஸ். மிஸ்ஸையோ (கிராம உத்தியோகத்தரையோ) திட்டுவதால் அடுத்த தடவையும் காசு வரப்போவதில்லை. இந்தக் காசு ஆளைத் தேடி வருவதில்லை, பட்டியலைத் தேடி வருகிறது. நோய் பரவி ஊரடங்கும் போட்ட பிறகு பட்டியலில் ஏறுவது என்பது, கந்தோர் பூட்டியிருக்கும்போது, பஸ் இல்லாதபோது, அதிகாரிகள் எல்லோரும் ஓடித்திரிகிறபோது செய்ய வேண்டிய வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், ஒரு நோயும் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமையில் செய்ய வேண்டிய காரியங்கள்தான்.

முதலில் போன தடவை எப்படி நடந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அடுத்ததும் ஏறத்தாழ அந்த வழியில்தான் வரும். 2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். மற்ற மாவட்டங்களில் இடையிடையே தளர்த்தினாலும் கொழும்பிலும் கம்பஹாவிலும் மே 26 வரைக்கும் இழுத்தது. அந்தக் காலத்தில் ஏப்ரலில் ஒரு தடவை, மே மாதம் ஒரு தடவை 5,000 ரூபாய் கொடுத்தார்கள். வரிசையைக் கவனியுங்கள்: சமுர்த்தி என்ற வறுமை நிவாரணக் கொடுப்பனவு எடுப்பவர்கள், சமுர்த்திக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்போர் பட்டியலில் கிடந்தவர்கள், முதியோர் கொடுப்பனவு எடுப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர்கள், அந்தந்தக் கொடுப்பனவுகளுக்குக் காத்திருந்தவர்கள். இவர்களுடைய பெயர் எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒரு தாளில் இருந்தது. அதற்குப் பிறகுதான் நாட்கூலிக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஸ்கூல் வான் ஓட்டுகிறவர் என்று திடீரென்று வருமானம் நின்றுபோனவர்களின் முறை வந்தது. அவர்களைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, தகராறு முழுக்க அங்கேதான்.

காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கும் கிடைத்தது என்பதைத் திரும்ப ஒரு தடவை வாசியுங்கள். "எப்படியும் தரமாட்டாங்க, எதுக்கு போம் நிரப்புறது" என்று சொல்லி வீட்டில் இருந்தவருக்கும், நிரப்பிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகப் பதில் இல்லாமல் இருந்தவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அந்த வருடம் 10,000 ரூபாய்.

2021இல் ஏப்ரல் புத்தாண்டுக்கு ஒரு 5,000 வந்தது, மே மாதம் தொடங்கிய பயணத்தடைக்கு ஜூனில் இன்னொரு 5,000 வந்தது. ஓகஸ்ட் 20இல் இருந்து ஒக்டோபர் 1 வரை மூடிவைத்தபோது தொகை 2,000 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்த 2,000 வேறு எந்த அரச உதவியும் எடுக்காத, வருமானத்தை இழந்த குடும்பங்களுக்கு என்றார்கள். அதாவது ஒவ்வொரு தடவையும் விதி மாறும். சென்ற முறை எடுத்ததால் இந்த முறையும் கிடைக்கும் என்றும் இல்லை, சென்ற முறை கிடைக்காததால் இந்த முறை போகத் தேவையில்லை என்றும் இல்லை.

ஜீ.எஸ். உங்களை அறிந்திருக்க வேண்டும்

சட்டத்தில் கிராம உத்தியோகத்தர், நம் வாயில் ஜீ.எஸ். கொழும்பில் இருக்கிற நிறையப் பேருக்குத் தங்களுடைய ஜீ.எஸ். யார் என்றே தெரியாது, அதிலும் வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருப்பவர்களுக்கு "கிராமம்" என்ற சொல்லே தங்களோடு சம்பந்தப்படாத ஒன்றாகத் தோன்றுகிறது. கொழும்பு 6 ஆக இருந்தாலும் 13 ஆக இருந்தாலும் நீங்கள் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள்தான் இருக்கிறீர்கள். உங்கள் பிரிவின் பெயர், இலக்கம், அது எந்தப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது என்ற மூன்றையும் தெரிந்து வைத்திருங்கள். மாநகரத்துக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள், கொழும்பு ஒன்று, திம்பிரிகஸ்யாய மற்றொன்று. தெஹிவளைக்கும் கொலன்னாவைக்கும் தனித்தனிச் செயலகங்கள் உண்டு. ஒரே வீதியின் இரண்டு பக்கமும் இரண்டு பிரிவுகளில் விழுகிற இடங்களும் இருக்கின்றன, அதனால் எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள், கந்தோரிலேயே முகவரியைச் சொல்லிக் கேளுங்கள்.

ஜீ.எஸ். கந்தோர் எல்லா நாளும் திறந்திருக்காது, எந்தெந்த நாள் என்று கதவில் ஒட்டியிருப்பார்கள். அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேயே ஜீ.எஸ்.இன் இலக்கமும் இருக்கும். உள்ளே போய்ச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்த வீட்டில் இருக்கிற எல்லோருடைய பெயரும் குடியிருப்பாளர் விபரத்திலும் வாக்காளர் இடாப்பிலும் சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். செத்துப்போன தாத்தாவின் பெயர் இருக்கும், கல்யாணம் கட்டி வந்த மருமகளின் பெயர் இருக்காது. பேரப்பிள்ளை பிறந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. இதெல்லாம் சும்மா இருக்கிற காலத்தில் திருத்துவதற்குப் பத்து நிமிட வேலை.

ஒரு வீட்டுக்குள் எத்தனை குடும்பம் என்பது இதைவிட முக்கியம். நிவாரணத்தை ஆளுக்கு என்று கணக்கிடுவதில்லை, குடும்பத்துக்கு என்றுதான் கணக்கு. நமது பக்கத்துத் தோட்டங்களில், அதாவது நெருக்கியடித்த சின்ன வீட்டுத் தொகுதிகளில், கீழே அம்மா அப்பா, மேலே பலகை அடித்த அறையில் மூத்தவனும் மனைவி பிள்ளைகளும், பின்னுக்கு விதவையான தங்கச்சி என்று ஒரே வாசல் இலக்கத்தில் மூன்று அடுப்பு எரியும். புத்தகத்தில் அது ஒரு குடும்பமாக விழுந்திருந்தால் வருகிறது ஒரு 5,000. அடுப்பு தனி, வருமானம் தனி என்றால் அதை முன்கூட்டியே சொல்லித் தனிக் குடும்பங்களாகப் பதிய வைக்க வேண்டும். காசு அறிவித்த அன்று போய் "நாங்க தனி" என்றால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பாததில் பிழையும் இல்லை.

வாடகைக்கு இருப்பவர்களின் பாடு வேறு. வீட்டுக்காரர் "இந்த அட்ரஸில பதியக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிடுவார், பதிந்தால் வீட்டைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறுவதால் வீடு யாருக்கும் சொந்தமாகிவிடாது என்பதை அமைதியாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், வீட்டு முகவரிக்கு வந்த ஏதாவது கடிதம் என்று நீங்கள் அங்கே உண்மையில் குடியிருப்பதைக் காட்டுகிற தாள்களோடு ஜீ.எஸ்.ஐ நேரில் பாருங்கள். கூடவே, ஊரில் பழைய முகவரியிலும் பெயர் இருந்தால் அதை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பதிவு, இங்கே வெள்ளவத்தையில் சீவியம் என்று இருக்கிற குடும்பங்கள் 2020இல் இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றதைப் பார்த்தோம். அங்கே உள்ள ஜீ.எஸ். "ஆள் இங்க இல்ல" என்பார், இங்கே உள்ளவர் "பேர் இங்க இல்ல" என்பார். இரண்டும் உண்மைதான்.

புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்து கடைக்கு மேலேயே படுக்கிற மலையகப் பொடியன்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குடும்பம் ஹட்டன் பக்கத்தில் பதிவில் இருந்தால் குடும்பக் கொடுப்பனவு அங்கேதான் வரும், இங்கே இன்னொன்று கேட்டால் இரட்டிப்பாகும். ஆனால் ஊரடங்கில் மாட்டிக்கொண்டால் உலர் உணவும் ஊருக்குப் போவதற்கான ஒழுங்கும் கேட்க இங்குள்ள ஜீ.எஸ்.இடமும் பொலிஸிலும் உங்கள் பெயர் போக வேண்டும். முதலாளி எழுதித்தரும் ஒரு கடிதம், இன்ன கடையில் வேலை, இன்ன இடத்தில் தங்கல் என்று, பேர்ஸில் இருக்கட்டும்.

பதிவு என்றாலே நம்மவர்களில் ஒரு தலைமுறைக்கு வயிற்றைக் கலக்கும், யுத்த காலத்தில் கொழும்பில் பொலிஸ் பதிவுத் துண்டைத் தூக்கிக்கொண்டு திரிந்ததை யார் மறப்பது. வயதானவர்கள் "பேரக் குடுக்காத, எதுக்கு வம்பு" என்று சொன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று விளங்கிக்கொள்ளலாம். ஆனாலும் பெயரைக் கொடுங்கள். இந்தப் புத்தகத்தில் இல்லாமல் இருப்பதில்தான் இப்போது நட்டம்.

அஸ்வெசும

சமுர்த்திக் கொடுப்பனவு இருந்த இடத்தில் 2023 ஜூலையில் இருந்து அஸ்வெசும இருக்கிறது, நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை. ஆரம்பத்தில் நான்கு வகை வைத்தார்கள்: 2,500, 5,000, 8,500, 15,000 என்று மாதத்துக்கு. 2025 ஜனவரியில் இருந்து 8,500 பத்தாயிரமாகவும் 15,000 பதினேழாயிரத்து ஐந்நூறாகவும் கூடின. நாளைக்கு ஒரு தொற்று வந்து அரசாங்கம் அவசரமாகக் காசு கொடுக்க நினைத்தால் கைக்கு முதலில் அகப்படுகிற பட்டியல் இதுதான், அதனால் தகுதி இருக்கும் என்று நினைக்கிறவர்கள் விண்ணப்பம் திறக்கிற நேரம் கட்டாயம் போட வேண்டும், ஏற்கெனவே எடுப்பவர்கள் தகவலைப் புதுப்பிக்கச் சொல்லும்போது தவறவிடக் கூடாது.

இதில் ஜீ.எஸ்.இன் மனப்போக்கை விடக் கேள்விக்கொத்துக்குத்தான் வேலை. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீட்டின் நிலை, குடும்பத்தில் யார் யார் என்று ஆறு பக்கமாக 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். கொழும்புக்காரர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். தோட்டத்து வீடு இரண்டு பேர்ச் கூட இருக்காது, ஆனால் சுவர் சீமெந்து, நிலம் டைல்ஸ், தண்ணீர் குழாயில், மலசலகூடம் இருக்கிறது. மாடிவீட்டுத் தொகுதிக்கு மாற்றப்பட்டவர்களுக்கு இன்னும் மோசம், கட்டடத்தைப் பார்த்தால் பணக்காரர். அதனால் கணக்கெடுக்க வருகிறவரிடம் வீட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். கிளினிக் புத்தகம், மாத்திரைச் சீட்டு, கடன் புத்தகம், அடகுச் சீட்டு, நாட்கூலி எத்தனை நாள் கிடைக்கிறது என்ற விபரம், இதையெல்லாம் மேசையில் எடுத்து வையுங்கள். ஒரு கறண்ட் மீற்றரில் மூன்று குடும்பம் ஓடுகிறது என்றால் அதைச் சொல்லி எழுத வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று குடும்பத்தின் பாவனையும் உங்கள் தலையில் விழும். பொய் சொல்ல வேண்டாம். இருப்பதைச் சொல்லத் தவறவும் வேண்டாம்.

மேற்கொண்டு விளக்கம் வேண்டுமென்றால் 1924 அஸ்வெசுமவின் இலக்கம். 1919 பொதுவான அரசாங்கத் தகவல் நிலையம்.

ஒரு எழுத்தால் நின்றுபோகும் காசு

2020இல் காசைக் கையில்தான் தந்தார்கள், வீட்டு வாசலில் அல்லது வாசிகசாலையில் வைத்து, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. இப்போது அஸ்வெசும வங்கிக்கு வருகிறது. மக்கள் வங்கி, இலங்கை வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி போன்றவற்றில் கணக்கு இருந்தால் போதும். கைக்காசு விரைவு, ஆனால் கொடுக்கிற ஆளின் கையில் நிறைய அதிகாரம். வங்கி சுத்தம், ஆனால் ஏதாவது ஒரு எழுத்து பிசகினால் காசு நடுவழியில் நின்றுவிடும். இரண்டில் எது வந்தாலும் தயாராக இருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் இந்த எழுத்துப் பிசகு தீராத தொல்லை. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, வங்கிப் புத்தகத்தில் தகப்பனின் பெயர் முன்னுக்கு, கல்யாணத்துக்குப் பிறகு கணவனின் பெயர் பின்னுக்கு. அதிலும் சிங்களத்தில் எழுதிய பெயரை யாரோ ஆங்கிலத்துக்கு மாற்றி, அதை இன்னொருவர் தமிழுக்கு மாற்றினால், கடைசியில் வருகிற ஆளை அவருடைய தாயே அடையாளம் காணமாட்டாள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அஸ்வெசும விண்ணப்பம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். வேறுபட்டால் வங்கியின் பெயரை அடையாள அட்டைக்குப் பொருந்த மாற்றுவதே இலகு. அட்டையே பிழை என்றால் ஜீ.எஸ். ஊடாக விண்ணப்பித்து ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டியதுதான், அது கொஞ்சம் அலைச்சல்.

அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு கூத்து. பழையது ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியது 12 இலக்கம். புது அட்டை எடுத்தவருக்குப் பட்டியலில் பழைய இலக்கம் இருந்தால் "இது நீங்க இல்ல" என்று சொல்லக்கூடும். முன்னுக்கு 19 சேர்த்து, நடுவில் ஒரு சைபரைப் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் பழையதே புதியதாகிவிடும் என்பதைக் கவுண்டரில் நின்றபடியே எழுதிக் காட்டலாம்: பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகுதான் அந்தச் சைபர் வரும். பழைய அட்டையின் போட்டோ பிரதி ஒன்று வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

அறிவித்த பிறகு

டீவியில் சொன்னவுடனே ஓடாதீர்கள். அமைச்சர் சொல்வதற்கும் சுற்றறிக்கை ஜீ.எஸ். கைக்கு வருவதற்கும் நாள் ஆகும், அந்த இடைவெளியில் போனால் அவருக்கே ஒன்றும் தெரியாது, உங்களுக்கு ஏச்சு மட்டும்தான். அந்த நாட்களில் கேட்க வேண்டியவை: யாருக்கு, எவ்வளவு, கையிலா வங்கியிலா, வேறு கொடுப்பனவு எடுப்பவர் சேருவாரா, கடைசித் திகதி எது. கடைசித் திகதியைத்தான் நம்மவர்கள் கேட்க மறப்பது.

ஜீ.எஸ்., சமுர்த்தி உத்தியோகத்தர் என்று கள அலுவலர்கள் கூடி யார் பெயரைச் சேர்ப்பது என்று பார்க்கிற நேரத்தில் உங்கள் விபரம் அவர்களிடம் எழுத்தில் இருப்பது நல்லது. அரைத் தாளில் எழுதுங்கள்: குடும்பத் தலைவர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, எத்தனை பேர், என்ன தொழில், எந்தத் திகதியில் இருந்து வேலை இல்லை, வேறு என்ன உதவி எடுக்கிறோம், போன் இலக்கம். ஊரடங்கு என்றால் அதையே படம் எடுத்து ஜீ.எஸ்.இன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாம். நூறு பேர் "சேர் எங்களுக்கும் பாருங்க" என்று அனுப்புகிற இடத்தில் முழு விபரத்தோடு வருகிற ஒரு தாள் வேலையை மிச்சப்படுத்துகிறது, அவருக்கும் அது பிடிக்கும்.

தனியார் வேலையில் இருப்பவர்கள் வேறொன்றையும் பாருங்கள். 2020 மே மாதம் தொழில் அமைச்சு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஒரு இணக்கத்துக்கு வந்தன: வேலைக்கு அழைக்க முடியாத ஆட்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது. பல கடை முதலாளிகள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த தடவையும் அப்படி ஏதாவது வந்தால் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிற இடத்தில் வேலை செய்கிறவர் ஜீ.எஸ்.ஐப் பிடிப்பதற்கு முதல் முதலாளியைப் பிடிக்க வேண்டும்.

கையில் தருகிற காசு என்றால், கையெழுத்துப் போடுகிற தாளில் உங்கள் பெயருக்கு நேரே தொகை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காசை எண்ணிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றிடத்தில் போடாதீர்கள். "தாள் காசு", "டீ காசு" என்று ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. படுக்கையில் இருக்கிறவருக்கு யாரை அனுப்பலாம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கூட்டத்துக்கு மட்டும் போகாதீர்கள். 2020 மே 21ஆம் திகதி மாளிகாவத்தையில் நோன்புப் பெருநாளுக்கு முன்னால் தனியார் ஒருவர் காசு பங்கிட்ட இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். அது அரசாங்கக் கொடுப்பனவு இல்லை, ஆனால் பூட்டிய ஊரில் காசு என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் பின்னால் போனாலும் காசு இருக்கும்.

வீட்டோடு தனிமைப்படுத்தினால்

இது வேறு கணக்கு, வேறு வழி. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையோடு தொற்று பெருகி வட கொழும்பு முழுக்க அடைபட்டபோது, 14 நாள் வீட்டில் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10,000 ரூபாய் பெறுமதியான உணவுப் பொருட்களை இரண்டு தடவையாகக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்கு ஆரம்பப் புள்ளி பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நமக்கு பீ.எச்.ஐ. அவர் கதவில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போகும்போது அவருடைய ஏட்டில் உங்கள் வீட்டின் எல்லாப் பெயர்களும் ஏறியிருக்க வேண்டும், அந்த விபரம்தான் ஜீ.எஸ்.க்கும் பிரதேச செயலகத்துக்கும் போகிறது. ஒரே வாசலில் இரண்டு குடும்பம் என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். கதவில் ஒட்டிய அறிவித்தலைத் திகதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். பொதி வராவிட்டால் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அதுவாக இருக்கலாம்.

ஒரு அடைபட்ட தோட்டம் முழுக்கப் பொதி வந்து, உள்முடுக்கில் இருந்த நாலைந்து வீட்டுக்கு மட்டும் வராமல் போனது எனக்குத் தெரிந்த இடத்தில் நடந்தது. காரணம், அறிவித்தல் முன்வாசலில் மட்டும் ஒட்டியிருந்தது. பொதி கொண்டுவந்த பிள்ளைகள் ஒட்டியிருந்த கதவுகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெயர் விடுபட்டால்

வாயால் கேட்டது கேட்டதாகக் கணக்கில்லை. எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். கொழும்பில் சிங்களத்தில் எழுதினால்தான் எடுபடும் என்று காசு கொடுத்து எழுதுவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி எந்த அரச அலுவலரோடும் தமிழில் தொடர்புகொள்ளவும் எழுதிய மொழியிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. நடைமுறையில் பதில் சிங்களத்தில் வந்துவிடும்தான், அப்போது "தமிழில் தாங்க" என்று திருப்பிக் கேட்கலாம். இப்படி எழுதினால் போதும்:

"பிரதேச செயலாளர் அவர்களுக்கு. நான் மேலே காணும் முகவரியில், இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில், குடும்பத்தோடு வசிக்கிறேன். குடும்பத்தில் இத்தனை பேர். நாட்கூலியாக இன்ன வேலை செய்துவந்தேன், இன்ன திகதியில் இருந்து வேலை இல்லை. வேறு அரச உதவி எதுவும் பெறவில்லை. இன்ன மாதம் வழங்கப்பட்ட கொடுப்பனவு எனக்குக் கிடைக்கவில்லை. என் பெயர் சேர்க்கப்படாத காரணத்தை எழுத்தில் அறியத்தருமாறும், என் கோரிக்கையை மீள்பரிசீலனை செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் காரணத்தை எழுத்தில் கேட்கிற வரிதான் உயிர், அதை வெட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை போடுவித்து வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டை வைத்திருங்கள்.

அஸ்வெசுமவுக்கு மேன்முறையீடு செய்யத் தனிக் காலமும் தனி முறையும் உண்டு. 2023இல் பட்டியல் வெளியானபோது ஜூலை 10 வரைக்கும் அவகாசம் கொடுத்தார்கள், மேன்முறையீடுகள் பத்து இலட்சத்தை நெருங்கின. அதே நேரம் தகுதி இல்லாதவர் பெயர் இருந்தால் ஆட்சேபனை தெரிவிக்கவும் முடிந்தது. டுபாய் மகன் கதைக்கெல்லாம் அதுதான் இடம், சந்திக் கடை இல்லை. ஆனால் உங்கள் மேன்முறையீட்டை முதலில் போட்டுவிட்டு, நேரம் மிஞ்சினால் அடுத்தவருடையதைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் "அரசாங்க நிவாரணம் 20,000, இந்த லிங்கை அமத்துங்க" என்று வருவதை அமத்த வேண்டாம். எந்த அரசாங்கக் கொடுப்பனவுக்கும் போனுக்கு வருகிற ஓ.டி.பி. இலக்கத்தைச் சொல்லத் தேவையில்லை, கேட்கிறவன் கள்ளன். வெளிநாட்டில் இருந்து மகள் அனுப்பிய காசு அதே கணக்கில் கிடக்கிற அம்மாமாருக்கு இதைத் தனியாக, பொறுமையாகச் சொல்லி வையுங்கள்.

கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் உங்கள் பிரிவில் கொடுப்பனவுக்கு எந்தச் சுற்றறிக்கையின்படி ஆட்களைத் தெரிந்தார்கள், எத்தனை குடும்பத்துக்குக் கொடுத்தார்கள், உங்கள் கடிதத்துக்கு என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எனக்குத் தெரிந்தவரையில் பாதி விஷயம் விண்ணப்பம் கொடுத்த உடனேயே அசையத் தொடங்கிவிடும், ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தக் கோவையை யாராவது ஒருவர் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.